மவுண்ட் ரோடு நடந்து போகும் தெருவாக இல்லாமல் போனது எப்போது?

கேள்வி: விழுப்புரத்தான்

நண்பர்களுக்கு வணக்கம். சில மாதங்களாக என் மனத்தை விட்டு அகலாத ஒரு கேள்வியை, சென்னையை நெடுங்காலமாக அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

1978-இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் கல்யாணக் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. விழுப்புரத்தில் இரண்டு கடைகளில் காட்டியும் சரியாகாததால், அதைச் சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது அண்ணா சாலையில், உள்ள பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்து, என்னையும் உடன் அழைத்துக்கொண்டு ரயிலேறினார். எழும்பூரில் இறங்கியதும் அப்பா செய்த முதல் காரியம், கட்டணக் குளியலறையில் குளித்துவிட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டதுதான். கடிகாரம் பழுது பார்க்கப் போவதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மவுண்ட் ரோட்டுக்குப் போகிறோம் என்பதற்காகத்தான் அவர் அப்படிச் செய்தார் என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

1879-இல் கட்டப்பட்ட அந்தக் கடிகாரக் கடையிலிருந்து ஹிக்கின்பாதம்ஸ் வரை நடந்தோம். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைபோல் இருந்த அதன் தரையில், வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே கால் வைப்பது என்று நான் விளையாடிக்கொண்டிருக்க, அப்பா ஒரு புத்தகமும் வாங்காமல் அரை மணி நேரம் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எங்களை என்ன வேண்டும் என்று கேட்டு விரட்டவில்லை. பிறகு எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்று மாடிகளை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தவறியது. கடைசியாகச் செம்மண் நிறக் கோபுரங்களோடு நின்ற பழைய ஸ்பென்சர் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதற்கு முன்பே மவுண்ட் ரோடு எங்களுக்கு ஒரு முகவரியாகப் பழக்கமாகியிருந்தது. அப்பா கதை எழுதுவார். எழுதியவற்றை 757, அண்ணா சாலை, சென்னை 2 என்ற விகடன் முகவரிக்கு அனுப்புவார். அவை சுயமுகவரி எழுதிய உறையில் திரும்பி வரும். அன்று அந்த எண்ணுள்ள கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே போகாமல், வாசலில் சற்று நேரம் நின்றார்.

கட்டடக்கலை படிக்கும் என் மகளிடம் இதையெல்லாம் சொல்லி, ஒரு நாள் அந்தத் தெருவில் நடக்கலாம் என்று அழைத்தபோது, “அங்கே இறங்கி என்னப்பா செய்வது?” என்று கேட்டாள். அவள் தினமும் அந்தச் சாலையின் அடியில் மெட்ரோ ரயிலில் போகிறாள். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்பது இதுதான்: மக்கள் நடப்பதற்காகவே வந்த ஒரு தெரு, கடந்து போவதற்கான சாலையாக மாறியது எந்தக் காலத்தில்? அதற்கு முதன்மையான காரணம் எது? ஸ்பென்சர் எரிந்ததா, திரையரங்குகள் மூடப்பட்டதா, போக்குவரத்தா? நேரில் கண்டவர்கள் சொன்னால் மகளுக்கும் வாசிக்கக் கொடுப்பேன்.

---

மறுமொழி: சிந்தாதிரிப்பேட்டைக்காரன்

ஐயா, தங்கள் தந்தையார் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்ட செய்தியை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் தகப்பனாரும் அப்படித்தான். எங்கள் வீடு கூவத்தின் கரையோரம், மவுண்ட் ரோட்டுக்குப் பத்து நிமிட நடை. கடைத்தெருவுக்குப் போகும்போது தோளில் துண்டோடு போகும் மனிதர், மவுண்ட் ரோடு என்றால் இஸ்திரி போட்ட சட்டையைத்தான் எடுப்பார்.

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. 1895-இல் தொடங்கிய டிராம் வண்டிகள் 1953 ஏப்ரலில் நின்றுபோனபோது நான் கைக்குழந்தை. ஆகவே அவற்றைப் பற்றித் தகப்பனார் சொல்லக் கேட்டதுதான். நான் நேரில் கண்டது 1960-களும் 70-களும். தங்கள் கேள்விக்கு என் பதில் திரையரங்குகள் என்பதே. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

இந்த ஊரில் சினிமாவின் வேர் மவுண்ட் ரோட்டில்தான் இருக்கிறது. 1913-இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இன்றும் அண்ணா சாலைத் தலைமை அஞ்சல் நிலைய வளாகத்தில், தபால்தலை சேகரிப்போருக்கான அலுவலகமாக நிற்கிறது. அடுத்த ஆண்டே ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் திரையரங்கு அது. என் இளமையில், சிம்சன் நிறுவனத்திலிருந்து ஜெமினி சந்திப்பு வரையில் பிரதான சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கெயிட்டி, கேசினோ, நியூ எல்பின்ஸ்டன், வெலிங்டன், சாந்தி, தேவி, அலங்கார், ஆனந்த், சஃபையர் என்று அடுத்தடுத்து அரங்குகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மேட்னி, முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம். ஓர் ஆட்டம் விட்டு மக்கள் வெளியே வருகிற நேரத்தில் அடுத்த ஆட்டத்துக்கான கூட்டம் வாசலில் நிற்கும். நள்ளிரவு தாண்டியும் தெருவில் மனித நடமாட்டம் இருந்ததற்கு இதுவே காரணம். டிக்கெட் கிடைக்காதவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட மாட்டார்கள்; அடுத்த அரங்கு வரை நடந்து பார்ப்பார்கள், அங்கும் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கினால் அதற்கடுத்த அரங்கு. அந்த நடையில்தான் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பியானோவையும் வயலினையும் சீமைச் சப்பாத்தையும் வேடிக்கை பார்த்தோம். வாங்கும் எண்ணம் எங்களுக்கும் இல்லை, வாங்குவோம் என்று கடைக்காரரும் எதிர்பார்க்கவில்லை.

1964-இல் திறந்த சஃபையர் வளாகத்தில் மூன்று அரங்குகள்: சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட். ஒரே கூரையின் கீழ் மூன்று என்பதே அன்று பெரிய அதிசயம். அவற்றில் ப்ளூ டைமண்டைப் பற்றித் தங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே படம் காலையில் தொடங்கி இரவு வரை இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கதையின் நடுவில் போய் உட்கார்ந்து, முடிவைப் பார்த்து, பிறகு தொடக்கத்தைப் பார்த்து, நாம் நுழைந்த காட்சி திரும்ப வந்ததும் எழுந்து வரலாம், வர மனமில்லை என்றால் அப்படியே இருக்கலாம். வேலை தேடி அலைந்த இரண்டு வருடங்களில், நேர்முகத் தேர்வுகளுக்கு நடுவே இருந்த பகல் பொழுதுகளை நான் அந்தக் குளிரூட்டிய இருட்டில்தான் கழித்தேன். எத்தனையோ ஆங்கிலப் படங்களின் முடிவை முதலிலும் தொடக்கத்தைப் பின்னரும் அறிந்தவன் நான்.

சஃபையர் இடிக்கப்பட்டது. ஆனந்த் போயிற்று. நியூ எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் அலுவலகக் கட்டடம் வந்தது. 1961-இல் திறந்த, சிவாஜி கணேசன் குடும்பத்தார் நடத்திய சாந்தி 2016-இல் மூடப்பட்டது. தேவியும் கேசினோவும் மிஞ்சின. ஒவ்வொரு அரங்கு மூடப்பட்டபோதும் தெருவின் மாலைப்பொழுதில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டது. அலுவலகங்கள் ஆறு மணிக்குப் பூட்டப்படும். அதற்குப் பிறகு அந்த நடைபாதைக்கு வர யாருக்குக் காரணம் இருக்கிறது?

எழுதும்போதே இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கையால் வரைந்த சினிமா பேனர்களும் கட்அவுட்டுகளும் அந்தத் தெருவுக்குத் தனி முகத்தைக் கொடுத்தன. சாரத்தின் மேல் நின்றுகொண்டு, கட்டம் போட்ட ஒரு சிறு புகைப்படத்தைப் பார்த்தபடியே நாற்பது அடி உயர முகத்தை வரைந்து முடிக்கும் ஓவியர்களைப் பார்த்துக்கொண்டு நான் பள்ளிக்குத் தாமதமாகப் போன நாட்கள் உண்டு.

---

மறுமொழி: முன்னாள் தட்டச்சர்

பெரியவர் எழுதியதை மிகவும் இரசித்து வாசித்தேன். ஆயினும் இதே தெருவைப் பற்றி எனக்குள்ள நினைவு வேறு விதமானது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

1976 முதல் 2009 வரை மவுண்ட் ரோட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சைதாப்பேட்டையிலிருந்து தினமும் பேருந்து. தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் இடையே ஓடிய 18 ஏ-யில் மாடிப் பேருந்து வந்தால் மாடியில் முன்வரிசைக்கு ஓடுவேன். நந்தனம் தாண்டித் தேனாம்பேட்டை, பிறகு ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிப் போகும்போது ஊரே காலடியில் விரிவதுபோல் இருக்கும். அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியவர் சொல்லும் அந்த இரண்டாம் ஆட்ட நள்ளிரவு நடமாட்டத்தில் எங்களைப் போன்ற பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? வேலை முடிந்து ஐந்தரைக்குக் கீழே இறங்கினால், பேருந்து நிறுத்தம் வரை தலை குனிந்து விரைவாக நடப்பதுதான் எங்கள் வழக்கம். திரையரங்கு வாசல் வந்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்வோம். கண்ணாடி ஜன்னல் எதிரே நின்று ஒரு புடவையையோ பொம்மையையோ நிதானமாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நின்றால் பக்கத்தில் ஓர் ஆள் வந்து நிற்பார்.

பழைய ஸ்பென்சர் கட்டடத்துக்குள் நான் ஒரு முறையும் நுழைந்ததில்லை. தடுத்தவர் எவரும் இல்லை. ஆனால் 1895-இல் வெள்ளைக்காரர்களின் தேவைக்கென்று எழுந்த கடை அது என்ற எண்ணம், சுதந்திரம் வந்து முப்பது ஆண்டு ஆன பிறகும் எங்களைப் போன்றவர்களை வாசற்படியிலேயே நிறுத்தியது. 1980-களில் அது தீயில் எரிந்தபோது ஊரே வருந்தியது, நானும் வருந்தினேன். ஆனால் அதே இடத்தில் பின்னர் ஸ்பென்சர் பிளாசா வந்தபோதுதான் நானும் என் தோழியரும் முதன்முறையாகச் சம்பள நாளன்று உள்ளே போய், குளிர்ந்த நடைக்கூடத்தில் மேலும் கீழும் நடந்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். தங்கள் தந்தையார் ஹிக்கின்பாதம்ஸில் கண்ட சுகத்தை நான் கண்டது அங்கேதான். இன்று அந்த வளாகமும் களையிழந்து, பல கடைகள் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படுகிற வருத்தம், பழைய செங்கல் கட்டடத்தை நினைத்து மற்றவர்கள் கொள்ளும் வருத்தத்துக்குக் குறைந்ததல்ல.

ஆகவே “மக்கள் நடப்பதற்காகவே வந்த தெரு” என்று எழுதும்போது எந்த மக்கள் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். 2019-இல் எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையங்கள் திறந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு விளக்கொளியில் நான் தனியாகப் படியிறங்கி வீட்டுக்குப் போகிறேன். என் பேத்திக்கு அது இயல்பான காரியம். எனக்கு அது இன்னும் புதிது.

---

மறுமொழி: நகரமைப்பு மாணவன் (ஓய்வு)

தெருக்களையும் போக்குவரத்தையும் பற்றிய பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், “எப்போது” என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன். முன்னாள் தட்டச்சர் அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது என் விடையையும் ஓரளவு மாற்றிவிட்டது.

கோட்டையிலிருந்து புனித தோமையார் மலைக்குப் போகும் வழி என்பதால்தான் அதற்கு மவுண்ட் ரோடு என்று பெயர். சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை பிறப்பிலேயே ஊரைக் கடப்பதற்கான வழிதான். அதன் ஒரு சிறு பகுதி, சிம்சனுக்கும் ஜெமினிக்கும் இடைப்பட்டது மட்டுமே, நூறு ஆண்டுகள் போலக் கடைத்தெருவாகவும் இருந்தது. கடப்பவரும் நிற்பவரும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது, கடப்பவரின் வேகம் குறைவாக இருந்த வரையில்தான். டிராமும் குதிரை வண்டியும் சைக்கிளும் போகும் சாலையை எந்த இடத்திலும் குறுக்கே கடக்கலாம். ஒரு பக்கத்துக் கடையைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போக முடிகிற வரையில் இரண்டு ஓரங்களும் சேர்ந்து ஒரே தெரு. நடுவே தடுப்பு எழுந்து, கடப்பதற்குச் சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும் என்று ஆனதும், அவை இரண்டு தனித்தனி ஓரங்களாகிவிட்டன. வயதானவர்களுக்கு எதிர்ப்பக்கம் வேறு ஊர்போல ஆகிவிட்டது.

ஆண்டு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஜெமினி மேம்பாலம் திறந்த 1973-ஐச் சொல்வேன். சென்னையின் முதல் மேம்பாலம் அது. அதைக் குறை சொல்லவில்லை. அந்தச் சந்திப்புக்கு அது தேவைப்பட்டது. ஆனால் இந்தச் சாலையில் நிற்காமல் போவதே முதன்மை என்ற எண்ணம் கல்லில் எழுதப்பட்டது அப்போதுதான். பிறகு வந்தவை எல்லாம் அதன் தொடர்ச்சி. புடவைக்கும் நகைக்கும் குடும்பங்கள் தியாகராய நகருக்குப் போகத் தொடங்கின. மவுண்ட் ரோட்டின் பெரிய கடைகள், வெள்ளைக்கார நிறுவனங்களின் மேல்தட்டு வாடிக்கையாளர்களை நம்பி வளர்ந்தவை. அந்த வாடிக்கையாளர்கள் குறைந்தபோது நடுத்தரக் குடும்பங்களை அவற்றால் ஈர்க்க முடியவில்லை. அம்மா வாசற்படியில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறாரே, அந்த வாசற்படிதான் தெரு தளர்ந்ததற்குப் பெரிய காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. திரையரங்குகள் இதற்கு நேர்மாறானவை. குறைந்த விலை டிக்கெட் உள்ளவரும் நுழையலாம். அதனால்தான் அவை இருபது முப்பது ஆண்டுகள் தெருவைத் தாங்கின.

மெட்ரோ கட்டுமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் சாலையின் நடுவே தகரத் தடுப்பு, ஒருவழிப் போக்குவரத்து, தோண்டிய பள்ளங்கள். 2017 ஏப்ரலில் சாலையே உள்வாங்கி ஒரு பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தின் பின்பகுதியும் அந்தப் பணிக்காக இடிக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகள் வாடிக்கையாளர் வராமல் எந்தச் சிறு கடை தாங்கும்? ரயில் வந்தபோது, அதில் வந்து இறங்குவோருக்காகக் காத்திருக்க வேண்டிய கடைகளில் பல ஏற்கெனவே இல்லை.

கட்டடங்கள் நம் கண்முன்னேயே விழுகின்றன என்று சிலர் எழுதுவார்கள். முழுவதும் அப்படியில்லை. 1897-இல் கட்டிய கார்டைல் கட்டடத்தை, அதாவது பாரத் இன்சூரன்ஸ் மாளிகையை, 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்று தடுத்தது. குவிமாடங்களும் மினாரெட்டுகளுமாக அந்த மாளிகை தப்பிப் பிழைத்தது. அதற்குள் ஒரு பயன்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் கடினமான வேலை.

---

மறுமொழி: விழுப்புரத்தான்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மகளிடம் எல்லாவற்றையும் வாசிக்கக் கொடுத்தேன். தட்டச்சர் அம்மாவின் பதிவை அவள் இரண்டு முறை வாசித்தாள். பிறகு, “தாத்தா வெள்ளைச் சட்டை மாற்றியதும் அந்த வாசற்படிக்காகத்தானே?” என்று கேட்டாள். ஒன்பது வயதிலிருந்து நான் பெருமையாக நினைத்திருந்த ஒரு காட்சிக்குள் அப்பாவின் தயக்கமும் இருந்திருக்கிறது என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. ஸ்பென்சரை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதற்கும், 757-இன் வாசலோடு நின்றதற்கும் நேரமின்மைதான் காரணம் என்று நம்பியிருந்தேன்.

வருகிற ஞாயிறு இருவரும் நடக்கப் போகிறோம். எங்கே தொடங்குவது என்று பெரியவர் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மறுமொழி: சிந்தாதிரிப்பேட்டைக்காரன்

தீவுத்திடலில், வெள்ளைக்காரர் காலத்து ஆளுநர் மன்றோவின் சிலையில் தொடங்குங்கள். கால் வைக்கும் அங்கவடி இல்லாத குதிரையில் மன்றோ உட்கார்ந்திருப்பதை மகள் தானாகக் கவனிக்கிறாளா என்று பாருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அங்கிருந்து கூவம் பாலம், சிம்சன், வலப்பக்கமாகவே வந்தால் கஸ்தூரி கட்டடம். மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு என்று நாங்கள் சொல்லும் இந்து நாளிதழ் அதுதான். அண்ணா சிலைக்கு வந்ததும் சுரங்கப்பாதையில் எதிர்ப்பக்கம் போய், 1951 முதல் இருக்கும் புகாரியில் தேநீர் குடித்துவிட்டு, தலைமை அஞ்சல் நிலைய வளாகத்தில் எலெக்ட்ரிக் தியேட்டரின் முகப்பைப் பாருங்கள். பிறகு எல்.ஐ.சி. எதிரே நின்று மாடிகளை மறுபடி எண்ணுங்கள். நாங்கள் அதைப் பதினாலு மாடி என்போம், பதினைந்து என்று எழுதுவோரும் உண்டு; தங்கள் எண்ணிக்கை தவறியதில் வியப்பில்லை.

நான்கரை மணிக்கு, வெயில் தாழ்ந்த பிறகு புறப்படுங்கள். எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, சிம்சன் வரை வந்து நிற்கிறேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு கிழவன் நின்றால் அது நான்தான்.

தட்டச்சர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: என் மனைவி இத்தனை ஆண்டுகளில் ப்ளூ டைமண்டுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. நான் அழைத்தேனா என்று நேற்று அவளிடம் கேட்டேன். அழைக்கவில்லை என்றாள்.